வீட்டில் யாருக்கும் இல்லை, பையனுக்கு மட்டும் எப்படி? குழந்தைகளின் தொழுநோய் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். ஏழாம் வகுப்புப் படிக்கும் 12 வயதுப் பையன். இடது முன்கையின் வெளிப்புறத்தில் எட்டு மாதமாக வெளிறிய ஒரு தடம். தேமல் என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு மூன்று டியூப் தடவி ஆயிற்று, போகவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு, தொழுநோயாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அம்மா கேட்கிறார்: சின்னப் பையனுக்கு இது வருமா? பள்ளியை நிறுத்த வேண்டுமா? மாத்திரையை உடம்பு தாங்குமா? ஆறு வயதுத் தங்கச்சிக்கு ஒட்டிக்கொள்ளுமா? கடைசியாக ஒரு வரி: "எங்க வீட்டுல யாருக்கும் இந்த நோய் இல்லீங்க."

முதல் நான்குக்கும் பதில் சுருக்கமானது. குழந்தைகளுக்கு வரும். பள்ளியை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். மாத்திரையைத் தாங்கும், கவனிக்க வேண்டியவை சில உண்டு, கீழே சொல்கிறேன். தங்கச்சியைப் பரிசோதித்துவிட்டு, நோய் இல்லையென்றால் தடுப்பாக ஒரே ஒரு வேளை மருந்து கொடுக்கலாம். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் குழந்தையின் தோலில் தெரியும் தடம் பெரும்பாலும், பெரியவர் ஒருவரின் உடம்பில் இன்னும் யாரும் கண்டுபிடிக்காத நோய்க்கு அடையாளம்.

தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஆர்மர் ஹான்சன் கண்டறிந்தார். மனிதருக்கு நோய் தரும் கிருமிகளில் இதைப் போல மெதுவாகப் பெருகுவது அரிது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய 12 முதல் 14 நாள் ஆகும். அதனால் உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் 2 முதல் 5 வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. மருந்து எடுக்காத, கிருமி அதிகமுள்ள ஒருவரின் மூக்கு, வாய் வழியாக வரும் நுண்துளிகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து சுவாசிப்பவருக்குத்தான் வருகிறது. அப்படிச் சுவாசித்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பையனோடு சேர்த்துப் பாருங்கள். அவனுக்கு 12 வயது. தடம் தெரிந்தபோது 11. அப்படியானால் ஏழு, எட்டு வயதில், அல்லது அதற்கும் முன்னால் கிருமி உள்ளே போயிருக்கும். அந்த வயதில் அவனோடு ஒரே அறையில் படுத்தவர், மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர், பக்கத்து வீட்டில் தூக்கி வளர்த்தவர் யார் என்பதே கேள்வி. பெரியவருக்கு நோய் வந்தால் எப்போதோ, எங்கேயோ வாங்கியது என்று சொல்லலாம். குழந்தைக்கு வந்தால் அண்மையில், அருகில் என்றுதான் பொருள். 15 வயதுக்குட்பட்டவர்களின் பங்கை அரசு தனியாகக் கணக்கெடுப்பது இதனால்தான். இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் குழந்தைகள் 2014-15-ல் 9.04 சதவீதம், 2024-25-ல் 4.68 சதவீதம். இறங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த 4.68-க்குள் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னால் மருந்து கிடைக்காத ஒரு பெரியவர் இருக்கிறார்.

"யாருக்கும் இல்லை" என்று வீட்டார் சொல்வது பொய்யல்ல. அவர்கள் தேடுவது விரல் மடங்கிய கையை, புண் பிடித்த காலை. பரப்பக்கூடிய நிலையில் இருப்பவருக்கு அவை எதுவும் இல்லாமலே இருக்கலாம். கிருமி அதிகமுள்ள வகையில் தடம் எல்லை தெரியாமல் கலங்கி, உடம்பு முழுக்க எண்ணெய் பூசியது போல ஒரு மினுமினுப்பு வரும். காது மடல் தடித்துத் தொங்கும், சில நேரம் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். புருவத்தின் வெளி ஓரத்து முடி உதிரும். மூக்கு எப்போதும் அடைத்தபடி இருக்கும், சில நேரம் ரத்தம் வரும். மாலையானால் பாதம் வீங்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை, வேலைக்குத் தடையும் இல்லை. அப்பாருக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) காது தடித்தால் வயசு என்போம், கால் வீங்கினால் உப்பு நீர் என்போம். அவர் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் பேரன் படுத்து உறங்கியிருப்பான். ஆகவே அப்பாரு, அப்பத்தா, அம்மா வழி அம்மிச்சி, அப்பிச்சி, ஒண்டியிருக்கும் சித்தப்பா, தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர், லைன் வீட்டில் சுவர் ஒட்டி வாழ்பவர் என்று எல்லோரையும் சட்டையைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகள், கோவைப் பட்டறைகள், நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து குடும்பங்கள் வருகின்றன. அந்த மாநிலங்களில் நோய் அதிகம் என்பது உண்மை. அதை வைத்து "அவங்க கொண்டாந்தது" என்று முடிவு கட்டிவிட்டால், சொந்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவரைப் பரிசோதிக்காமல் விட்டுவிடுவோம். அந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அவர்களையும் அதே அக்கறையோடு பார்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

சரி, முதலில் இது தொழுநோய்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பிள்ளைகளின் வெளிறிய தடங்களில் பெரும்பாலானவை வேறு ஏதோதான். கன்னத்தில் வட்டமாக, லேசான செதிலோடு வருவது சாதாரணத் தேமல். வயிற்றில் பூச்சி இருந்தால் வரும் என்று நம் பக்கம் சொல்வார்கள், அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. வறண்ட தோலில் வருவது. முதுகு, கழுத்து, மார்பில் பொட்டுப் பொட்டாக, நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்வது பூஞ்சைத் தேமல். பிறந்ததிலிருந்தோ கைக்குழந்தைப் பருவத்திலிருந்தோ ஒரே இடத்தில், பிள்ளை வளர வளர உடம்போடு மட்டும் பெரிதாவது மச்சம் போன்றது. சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பது வெண்புள்ளி. பழைய ஆட்கள் அதை வெண்குஷ்டம் என்று சொல்வது பெரிய தவறு. அதற்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. தொழுநோய்த் தடம் ஒருபோதும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது. பக்கத்துத் தோலைவிட ஒரு படி வெளிறி, அல்லது செம்பு நிறத்தில் இருக்கும். அரிக்காது. பிறவியிலேயே இருக்காது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். கை, கால், முகம், பிட்டம் ஆகிய இடங்களில்.

உறுதி செய்யும் அடையாளங்கள் மூன்று: தடத்தில் திட்டவட்டமாக உணர்ச்சி குறைந்திருப்பது, நரம்பு தடித்து, அது போகும் பகுதியில் உணர்ச்சியோ வலுவோ குறைந்திருப்பது, தோலில் சிறு கீறல் வைத்து எடுத்த மாதிரியில் கிருமி தெரிவது. மூன்றில் ஒன்று இருந்தால் போதும். பிள்ளைகளுக்குத் தடங்கள் குறைவு என்பதால் கீறல் மாதிரியில் பெரும்பாலும் கிருமி தெரிவதில்லை. அந்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததை வைத்து நோய் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை.

உணர்ச்சிச் சோதனையைச் செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளை பசியோடோ, தூக்கக் கலக்கத்திலோ, அழுதுகொண்டோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம். சன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பால்பாயின்ட் பேனாவின் முனையை எடுத்து, கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் மெல்லத் தொட்டுக் காட்டுங்கள். "கண்ணு, இப்படித் தொடுவேன், தொட்ட எடத்த வெரல் வெச்சுக் காட்டோணும்." இரண்டு மூன்று முறை விளையாட்டாகப் பழகட்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, முதலில் நல்ல தோலில், அப்புறம் தடத்தின் நடுவில், மறுபடி நல்ல தோலில் என்று மாற்றி மாற்றித் தொட வேண்டும். செங்குத்தாகத் தொட்டு எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது, ஒரே தாளத்தில் தொடக் கூடாது. தாளம் பிடிபட்டால் உணராமலே விரலை நீட்டிவிடுவார்கள். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொடவும் கூடாது. பிள்ளைகள் நம்மை மகிழ்விக்கத் தெரியுது என்பார்கள். நல்ல தோலில் சரியாகக் காட்டும் பிள்ளை தடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறவிட்டால் அது நம்பத்தக்கது. ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். அதற்கப்புறம் பிள்ளை உங்கள் பக்கமே வராது.

ஐந்து வயதுக்குக் கீழே இந்தச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்காது. முகத்தில் இருக்கும் தடத்துக்கும் அப்படித்தான். முகத்தில் நரம்பிழைகள் அடர்த்தி. நோய் இருந்தாலும் உணர்ச்சி மிஞ்சியிருக்கும். இந்த இரண்டு இடத்திலும் வேறு துணை தேட வேண்டும். நம் வெயில் இதற்கு உதவும். பிள்ளையைப் பத்து நிமிடம் ஓடி விளையாட விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். சுற்றிலும் வியர்த்துப் பளபளக்க, தடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அந்த இடத்து வியர்வை நரம்பு போயிருக்கிறது. தடத்தின் மேல் பூனைமுடி உதிர்ந்திருப்பதும் ஒரு குறிப்பு. அப்படியும் தெளியவில்லையென்றால் தோல் மருத்துவர் சிறு துண்டுத் தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அல்லது மூன்று மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி பார்ப்பார். அந்த இடைவெளியில் வெறும் தேங்காய் எண்ணெய் போதும். சந்தேகத்துக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்பது சரியான வழியல்ல.

அந்த மூன்று டியூப் களிம்பு விஷயம். மருந்துக்கடையில் தேமலுக்கு என்று தரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினால் சிவப்பு வடியும், ஓரம் மங்கும், குணமாகிறது என்று தோன்றும். உள்ளே கிருமி அப்படியே இருக்கும். அடையாளம் மட்டும் கலைந்துபோகும். பரிசோதிக்கும் மருத்துவரிடம் டியூப்பையே கொண்டுபோய்க் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். சேராங்கொட்டைப் பாலைத் தடவிச் சுட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பில் உணர்ச்சிச் சோதனையே செய்ய முடியாது.

தடத்தைப் பார்த்ததோடு நிற்காமல் நரம்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். தொழுநோய் தோல் நோய் என்று பெயர் வாங்கியிருந்தாலும், ஊனம் வருவது நரம்பால். முழங்கையின் உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடும் நரம்பு (இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போல இருக்குமே, அதுதான்), முழங்காலுக்கு வெளியே சற்றுக் கீழே எலும்புக் கழுத்தைச் சுற்றிப் போவது, கணுக்காலின் உள்புறம், கழுத்தின் பக்கவாட்டில் காதை நோக்கி ஏறுவது. இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, கயிறு போலத் தடித்திருக்கிறதா, தொட்டால் பிள்ளை முகம் சுளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வலு: சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்லி உள்ளே தள்ளிப் பார்ப்பது; கட்டைவிரலை மேலே நிமிர்த்தச் சொல்வது; மணிக்கட்டைத் தூக்கச் சொல்வது; குதிகாலால் நடக்கச் சொல்வது; கண்ணை இறுக்க மூடச் சொல்லி இடைவெளி தெரிகிறதா என்று கவனிப்பது. ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்க வரும்போது இதைச் செய்து எழுதி வைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

பதின்ம வயதுப் பிள்ளைகளில் தடமே இல்லாமல் நரம்பில் மட்டும் நோய் வருவதும் உண்டு. வீட்டில் கவனிக்கக்கூடிய குறிப்புகள் சில: நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து சில மாதத்தில் கோணுவது, பேனா நழுவுவது, செருப்பு கழன்றது தெரியாமல் நாலு எட்டு நடந்துபோவது, சூடான டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரிவது, காலில் வேலாமுள் ஏறி முறிந்து கிடந்தும் நொண்டாமல் விளையாடுவது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாக மடங்கத் தொடங்கினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது.

பள்ளிப் பரிசோதனையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. வகுப்பறையில் வரிசையில் நிற்க வைத்து, சட்டை போட்டபடி முகமும் கையும் பார்த்து அனுப்புகிறார்கள். பிட்டம், தொடை, முதுகில் இருக்கும் தடம் அதில் அகப்படாது. அந்த வயதுப் பிள்ளைகள் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். தனி அறையில், பெண் பிள்ளைகளைப் பெண் பணியாளர், ஆண் பிள்ளைகளை ஆண் பணியாளர் பார்க்க வேண்டும். வீட்டில் அம்மாவே எண்ணெய்க் குளியல் நாளில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் கைக்குத் தெரியாத தடம் உண்டா?

இனி மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியார் மருத்துவர் நோயை உறுதி செய்தாலும் மருந்தை அங்கேயே வாங்குவது நல்லது. தடங்கள் ஐந்து வரை, நரம்பு பாதிப்பு இல்லை என்றால் கிருமி குறைந்த வகை, சிகிச்சை 6 மாதம். ஐந்துக்கு மேல் தடங்களோ, நரம்பு பாதிப்போ இருந்தால், அல்லது கீறல் மாதிரியில் கிருமி தெரிந்தால், கிருமி மிகுந்த வகை, 12 மாதம். முன்பு முதல் வகைக்கு இரண்டு மருந்துதான். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வகைக்கும் மூன்று மருந்து என்று பரிந்துரைத்தது; இந்தியாவில் 2025 ஏப்ரலில் இருந்து அதுவே நடைமுறை.

உங்கள் பையன் 10 முதல் 14 வயதுக்குள் வருகிறான். மாதத்தின் முதல் நாள், பணியாளர் கண் முன்னால்: ரிபாம்பிசின் 450 மில்லிகிராம், குளோபாசிமின் 150 மில்லிகிராம், டாப்சோன் 50 மில்லிகிராம். மற்ற நாட்களில் வீட்டில்: டாப்சோன் 50 தினமும், குளோபாசிமின் 50 ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒரு அட்டை 28 நாளுக்கு. பத்து வயதுக்குக் கீழே, அல்லது எடை 40 கிலோவுக்குக் குறைவு என்றால் எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டும்: ரிபாம்பிசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மாதம் ஒரு முறை, டாப்சோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் தினமும். பெரியவர் அட்டையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. பையன் 12 வயதானாலும் மெலிந்தவன் என்றால் முதல் நாளே எடை போடச் சொல்லுங்கள். குளோபாசிமினைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், வயிறு புரட்டாது. அதைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். ஒன்று, ஹீமோகுளோபின். டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களைக் கொஞ்சம் உடைக்கும். நம் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முன்பே ரத்தசோகை. கடுமையாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறவிட வேண்டாம். இரண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று பார்ப்பது. காசநோய் மறைந்திருக்கும்போது மாதம் ஒரு முறை மட்டும் ரிபாம்பிசின் கொடுத்தால், காசக்கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

பக்க விளைவுகளில் பயப்பட வேண்டாதவை: ரிபாம்பிசின் சாப்பிட்ட நாளில் சிறுநீர் சிவக்கும், ரத்தம் அல்ல. குளோபாசிமினால் தோல் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகும், காய்ந்து செதில் விடும். பெண் பிள்ளைகள் இதற்காகவே மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார்கள். முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள்: நிறுத்தியபின் சில மாதங்களில் நிறம் திரும்பத் தொடங்கும், முழுதாகத் திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம், எண்ணெய் தேய்த்தால் வறட்சி அடங்கும். பயப்பட வேண்டியது ஒன்று: தொடங்கி முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள், கழுத்தில் நெறி கட்டுதல் சேர்ந்து வந்தால் டாப்சோன் ஒவ்வாமை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உயிரைப் பறிக்கக்கூடியது அது.

சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில். பரீட்சை முடிந்ததும் பிள்ளை அம்மிச்சி ஊருக்குப் போகும், அட்டை வீட்டு அலமாரியில் தங்கிவிடும். வெளிமாநிலக் குடும்பம் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனால் இரண்டு மாதம் ஆகும். போவதற்கு முன்பே சொன்னால் கூடுதல் அட்டைகளைக் கையில் கொடுப்பார்கள். ஆறு அட்டையை ஒன்பது மாதத்துக்குள், பன்னிரண்டு அட்டையை பதினெட்டு மாதத்துக்குள் முடித்தால் சிகிச்சை முழுமை. ஒரு வாரம் தவறிவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாமல், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முழுவதும் சாப்பிட்டும் தடம் போகவில்லையே என்று பல அம்மாக்கள் கலங்குகிறார்கள். கிருமி செத்துவிட்டது; நிறம் திரும்புவது தோலின் வேகம். சில தடங்கள் முழுதாக மறையாமலே நின்றுவிடும். அது நோய் அல்ல.

ஆனால் தடம் திடீரென்று சிவந்து வீங்கினால், புதிதாகத் தடங்கள் தோன்றினால், முழங்கையோ முழங்காலோ ஓரம் நரம்பு வலித்தால், விரல் வலு குறைந்தால், அது எதிர்வினை. செத்த கிருமியின் மேல் உடம்பே பாய்ந்து சண்டையிடுகிறது. நடுவில் நரம்பு நசுங்குகிறது. சிகிச்சையின் நடுவிலும் வரும், முடிந்து ஓரிரு வருடம் கழித்தும் வரும். "மருந்து ஒத்துக்கலை" என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நிறுத்தாமல், கூடவே பிரெட்னிசலோன், எடை கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் மருத்துவர் தொடங்கி, மூன்று மாதத்துக்குக் குறையாமல் படிப்படியாகக் குறைப்பார். வலி போய்விட்டது என்று பத்து நாளில் நீங்களே நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் வலிக்கும் கைக்கு ஓய்வு. கனமான புத்தகப் பையை மறு தோளுக்கு மாற்றுங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு எதிர்வினை குறைவுதான். ஆனால் வந்து கவனிக்காமல் விட்டால் மீதி வாழ்க்கை முழுக்க மடங்கிய விரல்களோடு போகும்.

உணர்ச்சி ஏற்கனவே போன கையும் காலும் இருந்தால் அதைக் காக்கும் வழக்கத்தை இப்போதே பழக்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். விரல்கள் தேய்ந்து போவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் என்று வேலூரில் அவர் தெளிவாகக் காட்டினார். மடங்கிய விரலைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு வழி திறந்தவரும் அவரே. அந்தப் பாடம் வீட்டில் இப்படி வரும்: பள்ளிவிட்டு வந்ததும் கை கால்களைத் தினமும் ஒரு முறை பார்ப்பது, இருபது நிமிடம் சாதாரண நீரில் ஊற வைத்து, காய்த்த இடத்தை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவுவது, களத்து மேட்டிலும் காட்டிலும் செருப்பில்லாமல் நடக்காதிருப்பது, மிருதுவான உள்தளம் உள்ள எம்.சி.ஆர். செருப்பை அரசிடம் இலவசமாகக் கேட்டு வாங்குவது. சூடான பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடிப்பது. விரல் மடங்கியே நின்றுவிட்டால், ஆறு மாதத்துக்கு மேல் எதிர்வினை இல்லாமல் இருக்கும் நிலையில் சீரமைப்பு அறுவை செய்யலாம். அதுவரை தொடையில் கையை வைத்து எண்ணெய் போட்டு விரல்களை நீவி நிமிர்த்தும் பயிற்சி தினமும் வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் அறுவையும் பலிக்காது.

பள்ளி பற்றி. ரிபாம்பிசின் முதல் வேளையே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். சில நாட்களில் பரப்பும் திறன் போய்விடும். உங்கள் பையனுக்கு இருப்பது போல ஒற்றைத் தடம் என்றால் மருந்துக்கு முன்பே பரப்பும் வாய்ப்பு மிகக் குறைவு. தனித் தட்டு, தனிப் பாய், கடைசி பெஞ்சு எதுவும் வேண்டாம். தலைமை ஆசிரியருக்கும், தேவைப்பட்டால் வகுப்பு ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பையனிடம் பெயரைச் சொல்லியே பேசுங்கள். மறைத்தால் சுவரில் எழுதிய விளம்பரத்தைப் படித்து அவனே கண்டுபிடிப்பான், அப்போது பயம் இரண்டு மடங்காகும். ஊரில் "பெருவியாதி" என்று யாராவது வாய்விட்டால், 1898-ம் வருட தொழுநோயாளர் சட்டமே 2016-ல் நீக்கப்பட்டுவிட்டது, ஆறு மாத மாத்திரையில் தீரும் நோய் என்று நிமிர்ந்து சொல்லலாம்.

தங்கச்சிக்கு வருவோம். அவளை முழுதாகப் பார்த்து, தடம் ஏதும் இல்லை, காசநோய் அறிகுறி இல்லை, கல்லீரல் சிறுநீரகக் கோளாறு இல்லை என்றால், ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் கொடுக்கிறார்கள். இரண்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் இது உண்டு. 6 முதல் 9 வயது வரை 300 மில்லிகிராம்; 10 முதல் 14 வரை 450; 15-க்கு மேல் 600; எடை 20 கிலோவுக்குக் குறைவு என்றால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கில். வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இரண்டு வருடத்தில் புதிய நோயை இது 57 சதவீதம் குறைத்தது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதால் வீட்டில் எல்லோரையும் வருடம் ஒரு முறை, ஐந்து வருடம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்குப் பிரசவம் ஆன பிறகு கொடுக்கலாம்.

இந்த ஒற்றை வேளையை நோய் இருப்பவருக்குத் தவறிக் கொடுத்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது முழுச் சிகிச்சை. ஆகவே திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பையனை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். தங்கச்சி, நீங்கள், அவன் அப்பா, முக்கியமாக அப்பாரும் அப்பத்தாளும் கூட வரட்டும். வர முடியாதவர் இருந்தால் சுகாதார ஆய்வாளரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைக்கலாம். மாவட்டத் தலைநகரில் தொழுநோய்க்கென்று தனி துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அப்பாருவின் காது மடலைப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.